விளையும் உப்பு: தூத்துக்குடி உப்பளங்களின்வழி அயனிப் பிணைப்பு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

உலோக அணு எலக்ட்ரானை இழக்கிறது; அலோக அணு அதனை ஏற்கிறது; இரண்டும் இணைந்து உப்பாகின்றன என்பதே அயனிப் பிணைப்புக்குப் பாடநூல்கள் தரும் சுருக்க விளக்கமாகும். இவ்விளக்கம் பிழையன்று, ஆயின் முழுமையானதும் அன்று. எலக்ட்ரான் இடம்பெயர்வதை மட்டும் கணக்கிட்டால் ஆற்றல் இழப்பே எஞ்சும். அவ்விழப்பை ஈடுசெய்து உப்பை நிலைபெறச் செய்வது எண்ணற்ற அயனிகள் ஒழுங்குற அடுக்கப்பட்ட படிகமே. தூத்துக்குடி உப்பளங்களில் உப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படியும் வரிசையைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது. உப்பு 'விளைகிறது' என்னும் தமிழ் வழக்கு, 'உப்பு மூலக்கூறு' என்னும் பாடநூல் வழக்கைவிட இவ்வேதியியல் உண்மைக்கு நெருக்கமானது என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அயனிப் பிணைப்பு, படிகக்கூடு ஆற்றல், உப்பளம், கசப்பு நீர், முத்து, கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

நெய்தல் நிலத்தின் விளைபொருள்களுள் உப்பும் முத்தும் முதன்மையானவை. கொற்கையின் முத்தை மதுரைக்காஞ்சி போற்றுகிறது. உப்பைக் கொடுத்து நெல்லைப் பெறும் வாணிகத்தைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார், கழிநிலத்து உப்புப் பாத்தியை வயலாகவும் உப்பை உழாமல் பெறும் விளைச்சலாகவும் கண்டு பாடுகிறார். இப்பார்வை இன்றும் வழக்கில் உள்ளது. தூத்துக்குடி வட்டாரத்தில் பாத்தி, வரப்பு, விளைச்சல் என உழவுத்தொழிலின் சொற்களே உப்புத்தொழிலுக்கும் வழங்குகின்றன. அங்கு உப்பு விளைகிறது, வாரப்படுகிறது.

இதற்கு மாறாக, கடல்நீரில் உப்பு ஏற்கெனவே இருப்பதாகவும், நீர் ஆவியானபின் அது எஞ்சுவதாகவும் பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்விரு பார்வைகளுள் வேதியியலுக்கு இயைந்தது எது என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு விடை காண, உலோகமும் அலோகமும் எவ்வாறு உப்பாகின்றன என்பதை அணுவிலிருந்து தொடங்கிப் பாத்திவரை தொடர்ந்து காணவேண்டும்.

தொடக்கத்திலேயே ஓர் எல்லையை வகுத்துக்கொள்வது தேவையாகிறது. சங்கப் புலவர்கள் அயனிக் கொள்கையை அறிந்திருந்தனர் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எலக்ட்ரான் கண்டறியப்பட்டதே 1897இல்தான். தொழிலைக் கூர்ந்து நோக்கிய மக்கள் அமைத்துக்கொண்ட சொல், பிற்கால அறிவியல் விளக்கத்தோடு பொருந்துகிறது என்பதே இங்குக் கூறப்படுவது.

2. எலக்ட்ரான் இடம்பெயர்தலும் ஆற்றல் கணக்கும்

சோடியம் மென்மையான உலோகம். நீர் பட்டால் வினைபுரிந்து தீப்பற்றக்கூடியது. குளோரின் மூச்சை அடைக்கும் நச்சுவளி. இவ்விரண்டிலிருந்தும் உண்ணத்தகும் கறியுப்பு உருவாகிறது. சோடியம் அணுவின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்றும், குளோரின் அணுவின் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்றும் அமைந்துள்ளன. சோடியத்தின் வெளிக்கூட்டில் உள்ள ஓர் எலக்ட்ரான் குளோரினுக்கு இடம்பெயர்ந்தால் இரண்டும் எட்டு எலக்ட்ரான்கள் கொண்ட வெளிக்கூட்டைப் பெறுகின்றன. சோடியம் நேரயனியாகவும் குளோரின் எதிரயனியாகிய குளோரைடாகவும் மாறுகின்றன. 1916இல் வால்தர் கோசெல் முன்வைத்த இவ்விளக்கமே இன்றைய பாடநூல்களுக்கு அடிப்படை.

வகுப்பறையில் இந்நிகழ்வு கொடையாகச் சித்திரிக்கப்படுவதுண்டு: சோடியம் கொடுக்கிறது, குளோரின் பெற்றுக்கொள்கிறது. ஆனால் சோடியம் விரும்பிக் கொடுப்பதில்லை என்பதை எண்கள் காட்டுகின்றன. வளிநிலையிலுள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானை நீக்க 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டும். அதனைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது 349 கிலோஜூல் மட்டுமே வெளிப்படுகிறது. எனவே இடம்பெயர்தலை மட்டும் தனியே நோக்கினால் 147 கிலோஜூல் இழப்பாகிறது. இதனுடன் திண்ம நிலையிலுள்ள சோடியத்தைத் தனி அணுக்களாக்க 107 கிலோஜூலும், குளோரின் மூலக்கூறைப் பிளக்க 121 கிலோஜூலும் சேர்ந்தால் இழப்பு 375 கிலோஜூலாக உயர்கிறது.

'எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்தால் நிலைப்புத்தன்மை' என்னும் விதி இவ்விழப்பை விளக்கவில்லை. விளக்கம் அடுத்த படியில் உள்ளது. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கப்படும்போது 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. இதுவே படிகக்கூடு ஆற்றல். முன்னைய செலவுகள் அனைத்தையும் கழித்தபின்னும் ஏறத்தாழ 411 கிலோஜூல் மிஞ்சுகிறது. 1919இல் மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் வகுத்த இந்த ஆற்றல் சுழற்சி, உப்பை நிலைநிறுத்துவது எலக்ட்ரான் இடம்பெயர்தல் அன்று, அதன்பின் நிகழும் படிகமாதலே என்பதை உறுதிப்படுத்துகிறது.

சோடியம் ஏன் இரண்டாவது எலக்ட்ரானை இழப்பதில்லை என்பதற்கும் இக்கணக்கே விடை தருகிறது. உள்கூட்டிலிருந்து இரண்டாவது எலக்ட்ரானை நீக்க 4562 கிலோஜூல் தேவை. எந்தப் படிகமும் அச்செலவை ஈடுசெய்யாது. மெக்னீசியத்தின் நிலை வேறு. அதன் இரண்டு எலக்ட்ரான்களும் வெளிக்கூட்டிலேயே உள்ளன. அவற்றை நீக்க 738, 1451 என மொத்தம் 2189 கிலோஜூல் செலவாகிறது. மெக்னீசியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றல் ஏறத்தாழ 2526 கிலோஜூல். இதனுடன் இரண்டு குளோரின் அணுக்களும் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றலும் சேர்வதால் செலவு ஈடாகிறது. ஆகவே ஓர் உலோகம் எத்தனை எலக்ட்ரான்களை இழக்கும் என்பதை வரவும் செலவும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

3. மூலக்கூறு இல்லாத பொருள்

படிகத்தினுள் ஒரு சோடியம் அயனிக்கு உரிய குளோரைடு எது? இவ்வினாவுக்கு விடையில்லை. 1913இல் வில்லியம் ஹென்றி பிராக்கும் அவர் மகன் லாரன்ஸ் பிராக்கும் எக்ஸ் கதிர்களைக்கொண்டு கறியுப்பின் கட்டமைப்பை ஆராய்ந்தனர். ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் ஆறு சோடியம் அயனிகளும் சூழ்ந்திருப்பது தெரியவந்தது. அடுத்தடுத்த இரு அயனிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 282 பிக்கோமீட்டர். எந்த இணையும் மற்றோர் இணையைவிட நெருக்கமாக இல்லை. ஆகவே ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சேர்ந்த தனி மூலக்கூறு என ஒன்று அப்படிகத்தில் இல்லை.

இம்முடிவை அக்கால வேதியியலாளர் அனைவரும் ஏற்கவில்லை. சதுரங்கப் பலகைபோல மாறிமாறி அமையும் இக்கட்டமைப்பை எள்ளி நகையாடி, ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1927இல் 'நேச்சர்' இதழில் ஒரு கடிதம் எழுதினார். மூலக்கூறு இல்லாத சேர்மம் என்பது அன்றைய மூத்த அறிஞர் ஒருவருக்கே ஏற்கவியலாததாக இருந்தது. இன்றைய மாணவர்க்கு அது கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

இந்த அடுக்கின் பயனையும் கணக்கிடலாம். படிகத்தில் ஓர் அயனி தன் எதிர் அயனிகளால் ஈர்க்கப்படுகிறது. சற்றுத் தொலைவிலுள்ள ஒத்த அயனிகளால் விலக்கப்படுகிறது. இவை அனைத்தையும் கூட்டிக் கழித்தால், அதே தொலைவில் நிற்கும் ஒரே ஓர் இணைக்குரிய ஈர்ப்பைப்போல் ஏறத்தாழ 1.75 மடங்கு ஈர்ப்பு ஓர் இணைக்குக் கிடைக்கிறது. கறியுப்பு 801 செல்சியசில்தான் உருகுகிறது என்பதற்கும் இதுவே காரணம். கல்லுப்பை இடித்தால் அது தட்டையான முகங்களுடன் பிளப்பதும் இவ்வடுக்கினாலேயே. ஓர் அடுக்கு சிறிது நகர்ந்தவுடன் ஒத்த அயனிகள் நேருக்குநேர் நின்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. படிகம் அவ்விடத்தில் பிளவுறுகிறது.

4. நீருக்கும் படிகத்துக்கும் இடையிலான இழுபறி

801 செல்சியஸ் வரை வெப்பத்தைத் தாங்கும் அதே படிகம் ஒரு கோடைமழையில் கரைந்துவிடுகிறது. நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் முனை சிறிதளவு எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் முனைகள் சிறிதளவு நேர்மின் தன்மையும் கொண்டவை. எனவே நீர் மூலக்கூறுகள் இருவகை அயனிகளையும் சூழ்ந்துகொள்கின்றன. அவ்வாறு சூழும்போது வெளிப்படும் நீரேற்ற ஆற்றல் சோடியம் அயனிக்கு ஏறத்தாழ 406 கிலோஜூல். குளோரைடுக்கு ஏறத்தாழ 378 கிலோஜூல். இரண்டும் சேர்ந்து 784. படிகத்தைப் பிரிக்கத் தேவையானது 787. வேறுபாடு மூன்று நான்கு கிலோஜூல் மட்டுமே. அயனிகள் நீரில் பரவி ஒழுங்கு குலைவதால் உண்டாகும் சாதகம் அச்சிறு வேறுபாட்டை எளிதில் கடந்துவிடுகிறது. விளைந்த உப்பின்மீது பெய்யும் பருவந்தவறிய மழை, பல நாள் உழைப்பைச் சில நாழிகையில் அழிப்பது இதனால்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தூத்துக்குடி அளங்களில் உற்பத்தி நின்றுவிடுவதும், தொழிலாளர் வேலையிழப்பதும் இந்த நுண்ணிய சமநிலையின் விளைவுகள்.

இச்சமநிலைக்கு இன்னொரு விளைவும் உண்டு. கறியுப்பின் கரைதிறன் வெப்பநிலையால் பெரிதும் மாறுவதில்லை. 100 கிராம் நீரில் 0 செல்சியசில் ஏறத்தாழ 36 கிராமும் 100 செல்சியசில் ஏறத்தாழ 39 கிராமும் கரைகின்றன. ஆகவே வெடியுப்பைப் பிரிப்பதுபோலச் சூடான கரைசலைக் குளிரவைத்துக் கறியுப்பைப் பெற இயலாது. நீரை ஆவியாக்கியே ஆகவேண்டும். வெயிலும் காற்றும் மிகுந்து, மழை குறைந்து, சமதளமான களிமண் தரை அமைந்த கடற்கரை உப்புத்தொழிலுக்குத் தேவையாவது இதனாலேயே. தமிழகத்தின் உப்பு உற்பத்தியில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் நிகழ்வதற்கு இவ்வியற்கை அமைப்பு முதன்மைக் காரணம்.

5. பாத்திகளில் உப்புகள் படியும் வரிசை

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் கரைபொருள் உள்ளது. அதன் நிறையில் குளோரைடு 55 விழுக்காடு, சோடியம் ஏறத்தாழ 31, சல்பேட்டு 8, மெக்னீசியம் 4, கால்சியமும் பொட்டாசியமும் தலா 1 விழுக்காட்டளவு. இவை அனைத்தும் தனித்தனி அயனிகளாகவே நீரில் உலவுகின்றன. கரைசலில் அயனிகள் பிரிந்தே இருக்கின்றன என்பதை 1880களில் சுவாந்தே அரீனியஸ் நிறுவினார். கடலில் உள்ள ஒரு சல்பேட்டு அயனி கால்சியத்துக்கு உரியதா, மெக்னீசியத்துக்கு உரியதா என்று கேட்பதில் பொருளில்லை. அது எதனுடனும் இணையவில்லை.

இணை எப்போது அமைகிறது? பாத்தியில் நீர் வற்றும்போது. உப்பளங்களில் நீரின் செறிவு போமே மானியால் அளக்கப்படுகிறது. தொழிலாளர் இதனை 'டிகிரி' பார்த்தல் என்பர். கடல்நீர் ஏறத்தாழ 3.5 டிகிரி. தூத்துக்குடிப் பகுதியின் பல அளங்கள் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பயன்படுத்துகின்றன. தொடக்கச் செறிவு மாறினும் உப்புகள் படியும் பொதுவரிசை மாறுவதில்லை.

முதலில் படிவது கால்சியம் கார்பனேட்டு. அளவில் மிகச் சிறிது. நீர் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் நிலையில் கால்சியம் சல்பேட்டு, நீர்மூலக்கூறுகளையும் சேர்த்துக்கொண்டு ஜிப்சமாகப் படிகிறது. இவ்விரண்டிலும் இரட்டை மின்சுமை கொண்ட நேரயனியும் இரட்டை மின்சுமை கொண்ட எதிரயனியும் இணைகின்றன. ஈர்ப்பு மின்சுமைகளின் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆதலால் அவற்றின் படிகம் வலிது. நீரால் எளிதில் பிரிக்க இயலாதது. ஜிப்சம் தனிப்பாத்திகளில் படியவிடப்பட்டுச் சிமெண்ட் தொழிலுக்கு அனுப்பப்படுகிறது.

நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி 25 டிகிரியைக் கடந்ததும் கறியுப்பு விளையத் தொடங்குகிறது. பரப்பில் சிறு படிகங்கள் மிதந்து, பருத்து, அடியில் இறங்குகின்றன. 29 அல்லது 30 டிகிரி வரை இவ்விளைச்சல் தொடர்கிறது. அதன்பின் எஞ்சுவது மெக்னீசிய உப்புகள் செறிந்த கசப்பு நீர்.

மின்சுமை மிகுந்தால் கரைதிறன் குறையும் என்று இதிலிருந்து பொதுவிதி வகுத்தல் கூடாது. மெக்னீசியம் சல்பேட்டிலும் இரு அயனிகளும் இரட்டை மின்சுமை கொண்டவையே. ஆயினும் அது நீரில் நன்கு கரைகிறது. மெக்னீசியம் அயனி மிகச் சிறியது. நீர் மூலக்கூறுகள் அதனை மிக நெருங்கி இறுகப் பற்றுகின்றன. அதன் நீரேற்ற ஆற்றல் ஏறத்தாழ 1921 கிலோஜூல். இங்கு இழுபறியில் நீர் வெல்கிறது. பொட்டாசியம் குளோரைடு கடைசிவரை கரைசலில் நிற்பதற்கோ அதன் அளவு குறைவாக இருப்பதே முதன்மைக் காரணம். ஆக, மின்சுமை, அயனியின் உருவளவு, நீரேற்றம், கரைசலிலுள்ள அளவு ஆகிய நான்கும் சேர்ந்தே படியும் வரிசையைத் தீர்மானிக்கின்றன.

6. கரிப்பும் கைப்பும்

உப்பின் சுவையைக் கரிப்பு என்றும் கசப்பைக் கைப்பு என்றும் தமிழ் வேறுபடுத்துகிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக்கொண்டு ராஜம் கிருஷ்ணன் எழுதிய புதினத்தின் பெயர் 'கரிப்பு மணிகள்' (1979). கரிப்பு மணியில் கைப்பு கலவாமல் காப்பதே உப்புத்தொழிலின் நுட்பம். கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். முன்னரே வடித்தால் விளைச்சல் குறையும். காலந்தாழ்த்தினால் மெக்னீசியம் உப்புடன் படியும். உணவுக்குரிய உப்பில், ஈரம் நீங்கிய நிலையில், சோடியம் குளோரைடு 96 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. இவ்விதியைக் காக்கும் முடிவு பாத்தியின் ஓரத்தில் எடுக்கப்படுகிறது.

மழைக்காலத்தில் வீட்டுச் சாடியில் கல்லுப்பு கசிவதும் இதனோடு தொடர்புடையது. தூய சோடியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் ஈர்ப்பதில்லை. மெக்னீசியம் குளோரைடு கரையும்போது ஒரு மோலுக்கு 150 கிலோஜூலுக்கும் மேற்பட்ட ஆற்றல் வெளிப்படுகிறது. நீரின்மீது அதற்குள்ள நாட்டம் அத்தகையது. அது சிறிதளவு கலந்திருந்தாலும் காற்றின் ஈரத்தைப் பற்றி உப்பை நனைத்துவிடும்.

தொழிற்சாலைகளுக்கும் இத்தூய்மை இன்றியமையாதது. திருச்செந்தூர்ச் சாலையிலுள்ள சாகுபுரத்தில் உப்புநீரை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரிக்கப்படுகின்றன. குளோரைடு அயனியிடமிருந்து எலக்ட்ரானை மின்முனை திரும்பப் பெறுவதால் குளோரின் மீள்கிறது. இத்தகைய ஆலைகளில் கால்சியம், மெக்னீசியம் அயனிகள் எஞ்சியிருந்தால் அவை கரையாச் சேர்மங்களாகப் படிந்து மின்கலத்தின் சவ்வைக் கெடுக்கும். எனவே உப்புநீர் முன்னதாகவே தூய்மையாக்கப்படுகிறது.

கசப்பு நீர் வீண்பொருளன்று. 1826இல் அந்துவான் பலார்டு புரோமினைக் கண்டறிந்தது பிரெஞ்சு நாட்டு உப்பளத்தின் கசப்பு நீரிலிருந்தே. மெக்னீசியச் சேர்மங்கள், பொட்டாசிய உரம், புரோமின் ஆகியவற்றை அதிலிருந்து பெறலாம். அந்நீரிலுள்ள அயனிகள் வெப்பநிலைக்கேற்ப வேறுவேறு இணைகளாகவும் படிகின்றன. குளிர்ந்த நிலையில் அதே நீரிலிருந்து சோடியம் சல்பேட்டு பிரிகிறது. கரைசலில் இணைகள் முன்கூட்டியே அமைந்திருப்பதில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

7. 'உலோகமும் அலோகமும்' என்னும் விதியின் எல்லை

தூத்துக்குடியின் மற்றொரு கடல்படுபொருளாகிய முத்து இவ்விதியின் எல்லையைக் காட்டுகிறது. பாத்தியில் முதலில் படியும் அதே கால்சியம் கார்பனேட்டையே முத்துச்சிப்பி, அரகோனைட்டு என்னும் படிகவடிவில், மெல்லிய தகடுகளாகக் கரிமப் பசையிடையே அடுக்குகிறது. கார்பனேட்டு அயனிக்குள் கார்பனும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சகப்பிணைப்பால் இணைந்துள்ளன. அந்த அயனி முழுவதும் கால்சியத்துடன் அயனிப் பிணைப்பால் இணைகிறது. ஒரே பொருளில் இருவகைப் பிணைப்பும் உள்ளன. முத்து நீரில் கரைவதில்லை. ஆயின் அமிலம் கார்பனேட்டு அயனியைச் சிதைப்பதால் அதில் பொலிவிழந்து கரைகிறது. மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு 1961இல் கடைசியாக நடைபெற்றது. 1973இல் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் க. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கினார்.

உலோகமே இல்லாத உப்பும் உண்டு. தமிழ் மருத்துவ மரபு நவச்சாரம் என வழங்கும் அமோனியம் குளோரைடில் உள்ள நேரயனி, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. தூத்துக்குடியிலேயே சோடா உப்பு உற்பத்தியில் இது உடன்விளைவாகக் கிடைக்கிறது. மறுபுறம், நீரற்ற அலுமினியம் குளோரைடில் உலோகமும் அலோகமும் இருந்தும் அது முழுமையான அயனித்தன்மை கொள்வதில்லை. சிறிய, மின்சுமை மிகுந்த நேரயனி, எதிரயனியின் எலக்ட்ரான் முகிலைத் தன்பால் இழுத்துப் பகிர்வை உண்டாக்கும் என 1923இல் காசிமிர் ஃபாஜன்ஸ் விளக்கினார். எனவே 'உலோகம், அலோகம்' என்பது தொடக்கநிலை வழிகாட்டியே; இறுதி வரையறை அன்று.

8. கலைச்சொல் நோக்கு

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியால் 1875இல் 'கெமிஸ்தம்' வெளிவந்தபோது அயனிக் கொள்கை உருவாகியிருக்கவில்லை. அக்காலத்தில் எல்லாச் சேர்மங்களையும் மூலக்கூறுகளாகக் கருதுவது இயல்பு. ஆனால் பிராக்குகளின் ஆய்வுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு', 'மூலக்கூறு எடை 58.5' என எழுதும் வழக்கம் முற்றிலும் நீங்கவில்லை. 'வாய்பாட்டு அலகு', 'வாய்பாட்டு எடை' என்பனவே பொருந்துவன. தமிழகத்தில் அயனி, எலக்ட்ரான், அலோகம் என்றும், இலங்கையில் அயன், இலத்திரன், அல்லுலோகம் என்றும் வழங்குவது பெயர் வேறுபாடே, கருத்தில் பிழையில்லை. உப்புக்கு மூலக்கூறு என்பதோ கருத்துப் பிழை. அச்சொல்லைக் கற்ற மாணவர், கடல்நீரில் உப்பு மூலக்கூறுகள் மிதப்பதாகவே கற்பனை செய்துகொள்வர்.

கறியுப்பு, வெடியுப்பு, பேதியுப்பு என வேறுவேறு சேர்மங்களை ஒரே பொதுச்சொல்லின்கீழ்த் தொகுக்கும் வழக்கும் தமிழில் முன்பே உண்டு. உப்பு என்பதைச் சமையற்பொருளாக மட்டுமன்றி ஒரு வகுப்பாகவும் அறிமுகப்படுத்த இப்பெயர்கள் உதவும்.

9. முடிவுரை

கடலில் அயனிகள் உள்ளன, உப்பு இல்லை. ஓர் எலக்ட்ரான் இடம்பெயர்வதால் மட்டும் உப்பு உண்டாவதில்லை. அயனிகள் எண்ணற்றனவாக அடுக்குற்றுப் படிகமாகும்போதே உண்டாகிறது. எந்த அயனி எதனுடன் சேரும் என்பது பாத்தியில் நீர் வற்றும்போது, படிகத்தின் ஈர்ப்புக்கும் நீரின் ஈர்ப்புக்கும் இடையிலான இழுபறியில் முடிவாகிறது. ஆகவே உப்பு எடுக்கப்படுகிறது என்பதைவிட விளைகிறது என்பதே பொருத்தமான கூற்று. அயனிப் பிணைப்பைக் கற்பிக்கும் தமிழ்ப் பாடம், இரண்டு வட்டங்களுக்கு இடையே ஓர் அம்புக்குறி வரைவதோடு நில்லாமல், டிகிரி பார்த்துக் கசப்பு நீரை வடிக்கும் உப்பளத்தையும் தன் எடுத்துக்காட்டாகக் கொள்ளுமாயின், மாணவர் பிணைப்பின் முழுக்கணக்கையும் அறிவர். அக்கணக்கை நாள்தோறும் கையாளும் உழைப்பின் நுட்பத்தையும் உணர்வர்.